மங்கல் கண்ணாடியில் நேராக உட்கார்ந்தவன்

பூசணம் பிடித்த லென்ஸை நல்ல லென்ஸோடு சேர்த்து ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. கேமரா ரிப்பேர் தொழிலில் நான் கண்ட ஒரே சத்தியம் இதுதான், மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடிக்குள் வெள்ளை நூலாகப் படரும் அந்தச் சனியன், கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து பக்கத்து லென்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒன்றுக்கு மூன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அதனால்தான் என் மச்சான் அந்த மரக் கேமராவோடு கடைப் படியேறியபோது வாசலிலேயே மறித்துவிட்டேன்.

"அங்கயே நில்லு. உள்ள கால் வெச்சே, மச்சான்னுகூட பார்க்க மாட்டேன்."

"முதல்ல என்னன்னு பாருங்க மாமா, அப்புறம் திட்டுங்க."

என் மனைவியின் தம்பி அவன். எல்லோரும் அவனைப் பழசு என்றுதான் கூப்பிடுவார்கள். எங்காவது ஒரு கட்டடத்தை இடிக்கிறார்கள் என்றால் இவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். போய்க் கைப்பிடி, கடிகாரம், உடைந்த மின்விசிறி என்று எதையாவது அள்ளிக்கொண்டு வருவான். அன்று அவன் கொண்டுவந்தது ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவின் பரணில் சாக்குக்குள் கிடந்ததாம். மரப்பெட்டி, முன்னும் பின்னும் நீளுகிற மடிப்புத் தோல், பின்பக்கம் படம் வந்து விழுவதற்கான மங்கல் கண்ணாடி. முன்னால் என் முழங்கை தடிமனுக்கு ஒரு பித்தளை லென்ஸ்.

அதைப் பார்த்ததும் திட்ட வந்த வாய் அடைத்துப்போனது. ஆள் முகத்தை எடுப்பதற்கென்றே ஒரு காலத்தில் கையால் கடைந்து செய்த லென்ஸ் அது. முகம் மட்டும் ஊசி முனைபோல் கூர்மையாக விழும், சுற்றியுள்ளதெல்லாம் சுழன்று கரைந்துபோகும். இந்த வகையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். செய்தவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். மூடியைச் சுற்றி அரக்கு ஊற்றி அடைத்திருந்த தடம் இருந்தது. பழசுதான் கத்தியால் சுரண்டித் திறந்திருக்கிறான்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே பூசணம். ஒரு தண்டு, அதிலிருந்து பிரிகிற மூன்று கிளைகள், அதில் ஒரு கிளை மட்டும் நுனியில் கொக்கிபோல் மடங்கியிருந்தது.

இதைக் கடையில் வைத்தால் அலமாரியில் இருக்கிற அத்தனை லென்ஸும் காலி. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டில்தான் லென்ஸே கிடையாதே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். டிப்போவில் அவளுக்குப் பட்டப்பெயர் ஹாரன். வண்டியில் இருக்கிற ஹாரனை அவள் தொடுவதே இல்லை. ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் லாரிக்காரனே ஒதுங்கிவிடுவான். அந்த வேலைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெண்ணால் இவ்வளவு பெரிய ஸ்டியரிங்கை ஒடிக்க முடியுமா என்று கேட்டவர்களை எல்லாம் பின் சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டியவள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் அவள் முகத்தில் ஒரு களை வரும். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்க்கவில்லை.

"சாப்பிடற மேசையில இதென்னங்க பிணப்பெட்டி?" என்றாள் என் வேலையைப் பார்த்து.

"கொஞ்ச நாள். இதை முடிச்சுட்டேன்னா என்னை மாதிரி ஒருத்தன் கிடையாது."

"இப்பவும் கிடையாதுதான். அதுதானே என் தலையெழுத்து."

முதலில் மடிப்புத் தோலில் இருந்த ஓட்டைகளை ஒட்டினேன். மரத்துக்கு எண்ணெய் விட்டேன். லென்ஸைத் தொடும் முன் அது எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்போமே என்று, பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

இந்த வகைக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். மங்கல் கண்ணாடியில் எங்கள் வீட்டு ஜன்னல் கீழ்நோக்கித் தொங்கியது. திரை மேல்நோக்கி ஆடியது. ஜன்னலோரத்து நாற்காலியின் நான்கு கால்களும் மேலே இருந்தன. அந்த நாற்காலி பக்கத்தில், எதன்மேலும் இல்லாமல், ஓர் ஆள் நேராக உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் முழங்கால்மேல். படம் எடுக்கப் போகிறார்கள் என்று விறைத்து உட்காருவோமே, அந்த மாதிரி. முகம் மட்டும் கலங்கலாக இருந்தது.

துணியை விலக்கிப் பார்த்தேன். நாற்காலி காலி.

நான் பேய்க்குப் பயப்படுகிறவன் அல்ல, வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரருக்கே பயப்படாதவன். மங்கல் கண்ணாடியில் எதுவாவது நேராகத் தெரிந்தால் அது லென்ஸ் வழியாக வரவில்லை என்று அர்த்தம். ஒன்று கண்ணாடியில் கறை இருக்க வேண்டும், இல்லை நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது பிரதிபலிக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து மாட்டினேன். கறையாக இருந்தால் அதுவும் கவிழ்ந்திருக்கும். அவன் நேராகவே இருந்தான். பிறகு துணிக்குள்ளேயே திரும்பிப் பின்னால் பார்த்தேன். இருட்டுதான் இருந்தது. ஆனாலும் ஏன் அவ்வளவு வேகமாகத் துணியை உதறிக்கொண்டு வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் பூசணத்தின் சேட்டை, கழுவினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். பித்தளை வளையத்தைச் சூடு காட்டி இளக்கி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து, நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன். தண்டு போயிற்று. கிளைகள் போயின. அந்தக் கொக்கி நுனி மட்டும் பிடிவாதம் பிடித்தது. விடுவேனா? பொழுது சாய்வதற்குள் அதையும் வழித்து எடுத்தேன். மறுநாள் வெயிலில் காயவைத்து மறுபடி பூட்டியபோது அந்த லென்ஸ் நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. துணிக்குள் பார்த்தேன். அவன் இல்லை. எனக்கு என்னைப் பார்த்தே பெருமை தாங்கவில்லை.

"இங்க வா, இந்த நாற்காலியில உக்காரு. லென்ஸை நேரா பாரு. கண்ணைச் சிமிட்டாதே."

அவள் சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். மங்கல் கண்ணாடியில் தலைகீழாக, சுற்றியெல்லாம் சுழன்று கரைய, அவள் முகம் மட்டும் அவ்வளவு தெளிவாக விழுந்தது. இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம். இவ்வளவு அழகியா என் வீட்டில் இருக்கிறாள் என்று வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் போதும் என்று சொல்கிறவரை பாவம், அவள் லென்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே வலது கண்ணில் தூசி விழுந்ததுபோல் இருக்கிறது என்றாள். கழுவிப் பார்த்தாள், சொட்டு மருந்து விட்டாள், போகவில்லை. கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவள் கண்ணைப் படமெடுத்துத் திரையில் போட்டுக் காட்டினார்.

"கண்ணோட லென்ஸுக்குள்ள நூல் மாதிரி ஏதோ இருக்கு. நான் இப்படிப் பார்த்ததில்லை. பெரிய டாக்டர்கிட்டயும் காட்டணும். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. இது பரவினா பார்வைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தண்டு, மூன்று கிளைகள், நுனியில் கொக்கி. வழித்து வழித்து என் கைக்குப் பழகிப்போன கொக்கி அது.

திரும்பி வரும்போது குறுக்கே வந்த ஆட்டோக்காரனைக்கூட அவள் அதட்டவில்லை. ஹாரன் இப்படி அமைதியாக வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லலை. சொன்னா பைத்தியம்னு எழுதி வேலையையே பிடுங்கிடுவாங்க."

"என்ன?"

"கண்ணுல நூல் மட்டும் இல்லைங்க. ஆள் ஒருத்தன் தெரியறான். முதல்ல பஸ் கண்ணாடியில பார்த்தேன். கடைசி சீட்டுல இருந்தான். உக்காந்த மாதிரியேதான் இருக்கான், கை ரெண்டும் முட்டி மேல. ஆனா தலைகீழா. கூரையில ஒட்ட வெச்ச மாதிரி. மறுநாள் ஒரு சீட்டு முன்னாடி வந்திருந்தான். நேத்து நடு சீட்டு."

"இப்ப?"

அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் நடைவழியைப் பார்த்தாள். "அந்தக் கோடியில. பாத்ரூம் கதவு மேல."

அவளுக்குப் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணும் ஒரு கேமராதான். உள்ளே எல்லாம் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் அதை நிமிர்த்திக் காட்டுகிறது. அப்படியானால் உள்ளேயே நேராக உட்கார்ந்திருப்பவனை மூளை என்ன செய்யும்? கவிழ்த்துத்தான் காட்டும். அவன் எங்கள் நடைவழியிலும் இல்லை, பேருந்திலும் இல்லை. அவள் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தான். குடியிருந்த வீட்டை நான் கழுவித் துடைத்துக் காலி செய்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நல்ல லென்ஸைத் தேடிப் போய்விட்டான். அந்த லென்ஸையும் நானே நாற்காலியில் உட்காரவைத்து, சிமிட்டாதே என்று சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அவளிடம் சொல்லவில்லை. பழசைக் கடைக்குக் கூப்பிட்டு, அந்த ஸ்டுடியோக்காரரைப் பற்றி விசாரித்து வரச் சொன்னேன். போய் வந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"பக்கத்துக் கடையில சொன்னாங்க மாமா. அவருக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிடுச்சாம். அதுல யாரோ கிட்ட வர்றான், வர்றான்னு சொல்லிட்டே இருந்தாராம். இன்னொரு கண்ணுலயும் அது வந்தப்போ, நாள் பூரா இந்த லென்ஸுக்குள்ளயே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாராம். அப்புறம்தான் மூடியில அரக்கு ஊத்தினாராம். அதுக்கப்புறம் நல்லாத்தான் இருந்திருக்கார். எதுக்கு மாமா கேக்கறீங்க? அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. நீ போய் வேலையைப் பாரு."

வழி தெரிந்துவிட்டது, அவனைக் கண்ணிலிருந்து லென்ஸுக்கே திருப்பி அனுப்பலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். புது மாதிரிச் சோதனை என்று பொய் சொல்லி, அவள் கண்ணை லென்ஸ்மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பொறுமையாகப் பார்த்தாள். துணிக்குள் நான் வேர்த்து வழிந்தேன். மங்கல் கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை. எப்படி விழும்? அவன் உட்கார ஒரு நூல்கூட மிச்சம் வைக்காமல் வழித்திருக்கிறேனே. வாடிக்கையாளர்களிடமிருந்து பூசணம் பிடித்த வேறு லென்ஸ்களைக் கொண்டுவந்து காட்டினேன். அதற்கும் அசையவில்லை. அவனுக்குப் பழகின வீடுதான் வேண்டும்போல.

அப்படியானால் அந்த வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். ஆயுள் முழுக்கப் பூசணத்தைக் கொன்றவன் பூசணம் வளர்க்க ஆரம்பித்தேன். லென்ஸை ஈரத் துணியில் சுற்றி, ஊசிப்போன ரொட்டித் துண்டோடு ஒரு டப்பாவில் அடைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருட்டில் வைத்தேன். ஆனால் பூசணம் நம் அவசரத்துக்கு வருமா? அவள் கண்ணில் இருந்தவனோ பாத்ரூம் கதவை விட்டு நடைவழிப் பாதிக்கு வந்துவிட்டான். அவள் சாப்பிடும்போதும் இடக்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டாள். சீருடையைத் துவைத்து மடித்து வைத்தாள், மறுபடி எடுத்துத் துவைத்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுத சத்தம் கேட்டது.

பக்கத்தில் வைத்தால் பரவும். அந்த ஒரே சத்தியம்தான் கையில் இருந்தது. இவ்வளவு காலம் எதைச் செய்யாதே என்று ஊருக்குச் சொன்னேனோ அதையே செய்தேன்.

"ஜன்னல் பக்கம் வா, கண்ணைக் காட்டு. நான் ஒருதடவை பார்க்கறேன்."

"நீங்க என்ன கண் டாக்டரா?"

"லென்ஸ் டாக்டர். காட்டு."

கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கண்ணை அவள் கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோனேன். இமைகள் உரசின. அவள் மூச்சு என் மூக்கில் பட்டது. சிரிப்பு வருகிறது என்றாள், சிரிக்காதே என்றேன். நான் சிமிட்டவே இல்லை. முதலில் கண்ணில் ஏதோ குளிர்ந்தது, தண்ணீர் வந்தது. அவள் திடுக்கென்று பின்வாங்கி ஜன்னலைப் பார்த்தாள், நடைவழியைப் பார்த்தாள், இடது கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள்.

"என்னங்க... இல்லைங்க! அவன் இல்லை! நூலும் இல்லை!"

அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அவள் தோளுக்கு மேலாக நான் நடைவழியைப் பார்த்தேன். பாதி வழியில், கூரையோடு ஒட்டி, முழங்கால்மேல் கை வைத்து, அவன் தலைகீழாக உட்கார்ந்திருந்தான்.

பெரிய டாக்டர் அவள் கண்ணில் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். டிப்போவில் மறுபடி சோதனை வைத்தார்கள், தேறினாள். பேருந்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனபோது, ஜன்னலில் தலையை நீட்டி என் கடையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு சத்தத்துக்காக எனக்கு இரண்டு கண்ணும் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

வாயால் சொல்லிவிடலாம்தான். சொன்னால், என் கண்ணில் இருந்தவனை என்னிடமே கொடுங்கள் என்று சண்டைக்கு வருவாள். அவள் குணம் எனக்குத் தெரியாதா? அதனால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினேன். எதிரே வந்தால் தட்டைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலில் கிண்டல் செய்தாள். பிறகு கோபித்தாள். பிறகு, "நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லுங்க" என்றாள். அதற்கு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்றேன். அவன் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தான். நடைவழி முடிந்தது. மேசைக்கு எதிரே வந்தான். அதற்குப் பிறகு கண்ணை மூடினாலும் தெரிந்தான். கிட்டே வர வர, கலங்கிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுகூடியது. ஏதோ கேட்கப் போகிறவன்போல் வாயைத் திறந்து வைத்திருந்தான்.

இன்று காலை டப்பாவைத் திறந்து லென்ஸை ஜன்னலில் பிடித்தேன். விளிம்பில் மயிரிழை தடிமனுக்கு ஒரு வெள்ளை நூல். என் வாழ்நாளில் எந்த லென்ஸைப் பார்த்தும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வடியும் கண்ணை அதில் பதிக்கக் குனிந்தேன். அவன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

"இதுக்குத்தான் மறைச்சீங்களா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன், அவள் சீருடையில் பின்னால் நின்றிருந்தாள். சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணு கோவைப்பழமா செவந்திருக்கு. என் கண்ணுக்கு அந்த ஓட்டம் ஓடினீங்க, உங்களுக்கு வந்தா சொல்ல மாட்டீங்களா? நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்துட்டேன்."

"விடு. ஒண்ணுமில்லை. தள்ளிப் போ."

"தூசிதான் விழுந்திருக்கும். காட்டுங்க, ஊதி விடறேன்."

"வேண்டாம்! பார்க்காதே!"

பேருந்தின் ஸ்டியரிங்கை ஒடிக்கிற கை அது. என் தலையைச் சுவரோடு அழுத்தி, கட்டைவிரலால் இமையைப் பிரித்துப் பிடித்தாள். நான் திமிறினேன், கத்தினேன். "சின்னக் குழந்தை தோத்துது உங்ககிட்ட" என்று சிரித்தாள். கிட்டே வந்து, நன்றாக உள்ளே உற்றுப் பார்த்து, வாயைக் குவித்து மெல்ல ஊதினாள்.

சில்லென்றிருந்தது. எல்லாம் தெளிந்துவிட்டது. சுவர்க் கடிகாரம், ஜன்னல், திரை, அவள் சட்டைப் பொத்தான் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன்.

"போயிடுச்சா?" என்றாள்.

கேட்டவளின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் இப்போது என்னைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச இடத்தை, கீழிருந்து மேலாக, மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.